பிஐபி போனால் பிரீமியம் குறையுமா? ஃபுளோரிடா வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம் அண்ணா. டாம்பாவுக்கு வடக்கே வெஸ்லி சேப்பலில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், ஆளுக்கொரு கார். பிஐபியை (பெர்சனல் இஞ்சுரி புரொடெக்ஷன், விபத்தில் நமக்கு ஏற்படும் காயத்துக்கு நம் கார் பாலிசியே தரும் காப்பு) எடுத்துவிட மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வருகிறது, வந்தால் கார் இன்சூரன்ஸ் பாதியாகிவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே கவரேஜைக் குறைத்துக்கொள்ளலாமா? வீட்டு பாலிசி, தனியாரில் கிடைக்காதவர்களுக்காக மாநிலம் நடத்தும் சிட்டிசன்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. கட்டடத்துக்கு 4,50,000 டாலர். கூரை மாற்றி 12 வருடம். இப்போது ஒரு தனியார் கம்பெனி எங்கள் பாலிசியை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. புதுப்பித்தால் சிட்டிசன்ஸில் 4,200 டாலர் ஆகுமாம், அந்தக் கம்பெனி 4,900 கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கறிஞர் கட்டணச் சட்டம் பழையபடி மாறும்வரை சிட்டிசன்ஸிலேயே இருக்கலாமா? இன்னொன்று, ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து ஐந்து மாதத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காகக் கார் பாலிசியில் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

வணக்கம் தம்பி. கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அப்பா அம்மா விஷயம், அதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல பிஐபி என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும், ஆகவே காரிலிருந்தே தொடங்குகிறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் மசோதா. ஃபுளோரிடாவில் வழக்கமான சட்டமன்றக் கூட்டத்தொடர் வருடத்துக்கு 60 நாள்தான். அதற்குள் கீழவை, மேலவை இரண்டிலும் ஒரே வாசகத்தோடு நிறைவேறி, ஆளுநர் மேசைக்குப் போய், அவர் தடுக்காமல் இருந்தால்தான் சட்டம். பிஐபியை நீக்கும் மசோதா 2021இல் இரண்டு அவைகளையும் தாண்டியது. ஆளுநர் டிசாண்டிஸ் தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்திவிட்டார். சந்தைக்கும் மக்களுக்கும் எதிர்பாராத கெடுதல் வரக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம். அதன் பிறகும் இதே யோசனை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. இனியும் வரும். ஒருநாள் நிறைவேறினாலும், நடைமுறைக்கு வரும் தேதி தள்ளித்தான் இருக்கும், உங்கள் பாலிசியும் அதற்கேற்ப மாற்றி எழுதப்படும். அதனால் வாட்ஸ்அப் செய்தியை நம்பி இன்றைக்கு எதையும் குறைக்காதீர்கள்.

இனி பிஐபி. ஃபுளோரிடா 1972 தொடக்கத்திலிருந்து 'நோ ஃபால்ட்' மாநிலம். விபத்தில் தப்பு யார் மேல் இருந்தாலும், உங்கள் காயத்துக்கு முதலில் உங்கள் பாலிசியே பணம் கொடுக்கும். உச்சவரம்பு 10,000 டாலர். நியாயமான மருத்துவச் செலவில் 80 சதவீதம், இழந்த சம்பளத்தில் 60 சதவீதம். இந்த 10,000 டாலர் என்ற தொகை பல பத்தாண்டுகளாக நகரவே இல்லை. இன்றைக்கு எமர்ஜென்சி அறைக்கு ஒருமுறை போய் ஸ்கேன் எடுத்தாலே அது கரைந்துவிடும்.

அதைவிட முக்கியமான இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மாநிலத்தில் கார் பதிவு செய்யக் கட்டாயமாக வேண்டியவை இரண்டே: 10,000 டாலர் பிஐபி, அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 10,000 டாலர். அடுத்தவர் உடம்புக்கு நாம் ஏற்படுத்தும் காயத்துக்கான காப்பு, பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி, சுருக்கமாக பிஐ, பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் கட்டாயமே இல்லை. அதாவது சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து உங்கள் மனைவியின் கார்மேல் மோதுகிறவரிடம் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் உங்கள் மனைவியின் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு ஒரு காசு வராமலும் போகலாம். இது ஐம்பது வருடமாக நடந்துவரும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிஐபியை நீக்கும் மசோதாக்களில் எனக்குப் பிடித்த பகுதி, அதற்குப் பதிலாக பிஐயைக் கட்டாயமாக்குவதுதான்: ஒருவருக்கு 25,000, ஒரு விபத்துக்கு 50,000 டாலர் என்ற அளவில்.

சரி, பிரீமியம் பாதியாகுமா? ஆகாது. இன்று வெறும் பிஐபியும் சொத்துச் சேதக் காப்பும் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்குச் செலவு கூடவே செய்யும், ஏனென்றால் அவர்கள் புதிதாக பிஐ வாங்க வேண்டும். ஏற்கனவே ஒருவருக்கு 1,00,000, ஒரு விபத்துக்கு 3,00,000 டாலர் என்று பிஐ வைத்திருப்பவர்களுக்கு பிஐபிக்கான தொகை கழியும். ஆனால் அந்தத் தொகை அப்படியே கையில் நிற்காது. நோ ஃபால்ட் முறையில், நிரந்தரக் காயம் போன்ற கடுமையான பாதிப்பு இருந்தால் மட்டுமே வலி, வேதனைக்காக எதிராளிமேல் வழக்குப் போட முடியும். பிஐபியோடு சேர்ந்து அந்தத் தடுப்பும் போய்விடும். சின்னக் கழுத்துப் பிடிப்புக்கும் எதிராளியின் பிஐயைத் தேடி வருவார்கள். பிஐயின் விலை ஏறும். பிஐபி வழியாக இன்று தீரும் சின்னச் சின்ன மருத்துவ பில்கள் நாளை பேரம் பேசித் தீர்க்கும் கிளைம்களாகும்.

கொலராடோ 2003இல் இதைச் செய்தது. பிரீமியம் இறங்கியது உண்மை. ஆனால் விபத்துக் காயத்தோடு வருகிறவர்களுக்கு உடனே பணம் கட்ட ஆள் இல்லாமல் மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸ் சேவைகளும் திண்டாடின. கடைசியில் 2009 தொடக்கத்திலிருந்து, வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னாலொழிய ஒவ்வொரு கார் பாலிசியிலும் 5,000 டாலர் மெடிக்கல் பேமென்ட்ஸ், அதாவது மெட்பே, இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிஐபியை எடுத்தால் அந்த இடத்தை ஏதாவது ஒன்று நிரப்பித்தான் ஆக வேண்டும்.

உங்கள் குடும்பத்தை வைத்தே பார்ப்போம். புரூஸ் பி. டவுன்ஸ் சாலையில் சிக்னலில் நிற்கிறீர்கள், பின்னால் வந்தவர் மோதுகிறார். உங்களுக்கு மருத்துவ பில் 14,000 டாலர். இன்றைய சட்டப்படி அதில் 80 சதவீதம் 11,200. ஆனால் வரம்பு 10,000 என்பதால் அவ்வளவுதான் பிஐபி கொடுக்கும். மீதி 4,000 உங்கள் ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸுக்குப் போகும், டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தரும் முன் நம் கையிலிருந்து போகும் பங்கு, கட்டுவீர்கள், சமாளித்துவிடலாம். பிஐபி இல்லாத காலத்திலும் உங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறது. எதிராளியின் பிஐ பணம் பல மாதம் கழித்து வரும், அதுவரை தாங்குவீர்கள்.

அதே காரில் பின் சீட்டில் அம்மா இருந்தால்? இன்று, உங்கள் காரில் பயணியாக இருந்ததால் உங்கள் பிஐபி அம்மாவுக்கும் பேசும். அவருக்கு வேறு கார் இல்லை, பாலிசி இல்லை, ஊரிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் தடையில்லை. பிஐபி போய்விட்டால்? அம்மாவுக்கு இந்த நாட்டில் ஹெல்த் இன்சூரன்ஸ் கிடையாது, முதியோருக்கு அரசு தரும் மெடிகேர் கிடையாது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆன்லைனில் வாங்கிய விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கும். மோதியவரின் கம்பெனி 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனையின் பில் உங்கள் தபால்பெட்டிக்கு வந்துவிடும். பிஐபி நீக்க மசோதாவை நான் பயத்தோடு பார்ப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். நம் வீடுகளில் வருடத்தில் பாதி நாள் பெற்றோர் இருக்கிறார்கள், பிரீமியக் கணக்குப் போடும்போது அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே இப்போதே செய்யுங்கள்: இரண்டு கார் பாலிசியிலும் மெட்பே சேர்க்கச் சொல்லுங்கள். 5,000 டாலருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, 10,000 கிடைத்தால் இன்னும் நல்லது. பிஐபி இருக்கும்வரை அது கொடுக்காத 20 சதவீதத்தை மெட்பே ஈடுகட்டும். பிஐபி போன பிறகு அதுவே முதல் தூணாக நிற்கும். காரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

பிஐபியில் ஒரு பொறி இருக்கிறது, பெரியவர்கள் அதில்தான் சிக்குகிறார்கள். விபத்து நடந்த 14 நாளுக்குள் முதல் சிகிச்சை எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் மருத்துவச் செலவுக்கு ஒன்றும் கிடையாது. 14 நாளுக்குள் போனாலும், அவசர மருத்துவ நிலை என்று தகுதியுள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் முழு 10,000. இல்லையென்றால் 2,500 டாலரோடு முடிந்தது. நம் அம்மா அப்பாக்கள் 'லேசான வலிதான், தைலம் தேய்த்தால் போய்விடும், உனக்கு எதற்கு வீண் செலவு' என்று மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளும் தலைமுறை. நான்காவது வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் டாக்டரிடம் போகும்போது கவரேஜ் காலாவதி ஆகியிருக்கும். சின்ன இடியாக இருந்தாலும் மறுநாளே அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். அந்தச் செலவுக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் சொல்லுங்கள்.

காரில் இருந்தால் சரி, சாயங்காலம் காலனிக்குள் நடக்கப் போகும்போது ஒரு கார் இடித்துவிட்டால்? அங்கே பாதுகாப்பு மெலிந்துவிடுகிறது. பாதசாரிக்கு இடித்த காரின் பிஐபி கிடைக்க வேண்டுமென்றால் அவர் ஃபுளோரிடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் வீட்டில் வசிக்கும் உறவினர் என்ற வகையில் உங்கள் பாலிசியைக் கேட்கலாம். ஆனால் விசிட்டர் விசாவில் ஐந்து மாதம் தங்குகிறவர் 'வசிப்பவர்'தானா என்பதில் தகராறு வர வாய்ப்பு அதிகம். கம்பெனியிடம் முன்கூட்டியே ஈமெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். விசிட்டர் இன்சூரன்ஸிலும் காசு பார்க்காதீர்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்திருக்கும் ஃபிக்ஸ்டு பெனிஃபிட் திட்டம் மலிவாக இருக்கும், ஆனால் மருத்துவமனை பில்லுக்கும் அது தரும் தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. காம்ப்ரிஹென்சிவ் திட்டமாக வாங்குங்கள்.

இனி யுஎம், அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்: மோதியவரிடம் போதிய இன்சூரன்ஸ் இல்லாதபோது நம் காயத்துக்கு நம் பாலிசியே தரும் காப்பு. ஃபுளோரிடாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு ஓட்டுநரிடம் இன்சூரன்ஸே இல்லை என்று இன்சூரன்ஸ் துறையின் ஆய்வு 2019க்கு மதிப்பிட்டது. பாலிசி இருந்தும் பிஐ இல்லாதவர்கள் அதற்கு மேல். நீங்கள் பிஐ வாங்கினால் அதே அளவு யுஎம்மையும் கம்பெனி உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும், வேண்டாமென்றால் நீங்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை, டிக்ளரேஷன் பக்கம் என்பார்களே, அதை எடுத்துப் பாருங்கள். யுஎம் என்ற வரிக்கு எதிரே 'ரிஜெக்டட்' என்று இருந்தால், எப்போதோ அவசரமாக ஆன்லைனில் வாங்கும்போது ஒரு கட்டத்தை டிக் செய்திருக்கிறீர்கள். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை, அந்தக் கையெழுத்தே தொடரும். இப்போதே திரும்பச் சேருங்கள். இரண்டு கார் இருப்பதால் 'ஸ்டேக்டு' வகையாக வாங்கினால் இரண்டு காரின் வரம்பும் கூடும், 1,00,000 என்பது 2,00,000 ஆகும். கட்டாய பிஐ சட்டமே வந்தாலும் 25,000 டாலர் ஒரு எலும்பு முறிவுக்குக்கூடப் போதாது. அதனால் மசோதா எந்தப் பக்கம் போனாலும் யுஎம் உங்களுக்கு வேண்டும். சேமிக்க வேண்டுமென்றால் மோதலில் உங்கள் கார் சேதமானால் தரும் கொலிஷன் காப்பின் டிடக்டிபிளை 500லிருந்து 1,000 ஆக்குங்கள், மனிதர்களுக்கான கவரேஜில் கை வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் 2023 மார்ச்சில் வந்த சிவில் வழக்குச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இது மசோதா இல்லை, நடைமுறையில் இருப்பது. விபத்தில் உங்கள் தப்பு 50 சதவீதத்தைத் தாண்டினால் எதிராளியிடமிருந்து ஒரு பைசா பெற முடியாது. கவனக்குறைவுக்காக வழக்குப் போடும் கால அவகாசம் நான்கு வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஒரு டேஷ்கேம் வாங்கிப் பொருத்துங்கள்.

வீட்டுக்கு வருவோம். உங்களுக்கு வந்த கடிதத்தில் நீங்கள் நினைப்பது போல முழுச் சுதந்திரம் இல்லை. 2022 டிசம்பர் சிறப்புக் கூட்டத்தொடரில் நிறைவேறிய சட்டப்படி, தனியார் கம்பெனி கேட்கும் பிரீமியம் சிட்டிசன்ஸின் புதுப்பிப்புத் தொகையைவிட 20 சதவீதத்துக்குள் மட்டுமே கூடுதலாக இருந்தால், நீங்கள் சிட்டிசன்ஸில் தொடரும் தகுதியை இழந்துவிடுவீர்கள். 4,200க்கு 20 சதவீதம் 840, ஆக எல்லை 5,040. அவர்கள் கேட்பது 4,900. அது எல்லைக்குள் இருக்கிறது, ஆகவே சிட்டிசன்ஸ் கதவு உங்களுக்கு மூடியதுதான். கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டாலும் பாலிசி தானாகவே மாறிவிடும்.

ஆனால் அந்தக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. கெடு தேதிக்குள் உங்கள் ஏஜென்டை வேறு இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேட்கச் சொல்லுங்கள். நான்கு வருடத்துக்கு முன் இருந்த நிலை இப்போது இல்லை. புதுக் கம்பெனிகள் உள்ளே வந்திருக்கின்றன. 2023இல் சுமார் 14 லட்சமாக இருந்த சிட்டிசன்ஸ் பாலிசிகள் 2025க்குள் 8 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. கேட்டால் கிடைக்கும் நிலைமை இது.

ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஹரிகேன் டிடக்டிபிள் எத்தனை சதவீதம்? 2 சதவீதம் என்றால் உங்கள் 4,50,000க்கு 9,000 டாலர் உங்கள் கையிலிருந்து. 5 சதவீதம் என்றால் 22,500. பிரீமியத்தில் 400 டாலர் மிச்சம் என்று காட்டி இந்த இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். கூரைக்கு முழு மாற்றுச் செலவு தருகிறார்களா, தேய்மானம் கழித்துத் தருகிறார்களா? கூரைக்கென்று தனி டிடக்டிபிள் இருக்கிறதா? பின்பக்க லனாய் வலைக்கூண்டு கவரேஜில் இருக்கிறதா? கடைசியாக, கம்பெனியின் நிதி மதிப்பீடு என்ன? கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத அமைப்பு கைகொடுக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு, கட்டடமும் பொருட்களும் சேர்த்து, 5,00,000 டாலர்தான் அதன் வரம்பு. கட்டடமே 4,50,000 என்னும்போது உங்களுக்கு அதில் அதிகம் மிச்சமில்லை.

கூரைக்கு 12 வருடம் என்றீர்கள். 2022 மே மாதச் சட்டப்படி 15 வருடத்துக்குக் குறைந்த கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி எந்தக் கம்பெனியும் மறுக்க முடியாது. 15ஐத் தாண்டிய பிறகும், இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று இன்ஸ்பெக்டர் சான்று கொடுத்தால் வயதுக்காக மட்டும் மறுக்க முடியாது. இதைத் தெரியாமல் நல்ல கூரையைப் பிரித்துப் போட்டு இருபதாயிரம், முப்பதாயிரம் செலவழித்தவர்களைப் பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. விண்ட் மிடிகேஷன் இன்ஸ்பெக்ஷன் செய்திருக்கிறீர்களா? கூரை சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, ஜன்னலுக்கு ஷட்டர் உண்டா என்று பார்த்து எழுதும் அறிக்கை. அதற்குரிய தள்ளுபடியைக் கம்பெனிகள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அறிக்கை ஐந்து வருடம் வரை செல்லும். உங்களுடையது பழையதாகியிருந்தால் விலை கேட்பதற்கு முன் புதிதாக எடுங்கள், 4,900 என்ற எண்ணே இறங்கக்கூடும்.

வழக்கறிஞர் கட்டண விஷயம். முன்பு வீட்டு கிளைமில் வழக்குப் போட்டு நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணத்தையும் கம்பெனியே கட்டும், தோற்றால் கம்பெனியின் செலவை நீங்கள் கட்ட வேண்டாம். ஏழை எளியவருக்கு அது பெரிய பாதுகாப்பு. அதே வழியில் வீடு வீடாக வந்து 'இலவசக் கூரை' என்று கையெழுத்து வாங்கி, ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்ட கூட்டமும் வளர்ந்தது. நாட்டின் வீட்டு கிளைம்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஃபுளோரிடாவில், நாட்டின் வீட்டு இன்சூரன்ஸ் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடந்தது. 2022 டிசம்பர் சட்டம் அந்த ஏற்பாட்டை ஒழித்தது. 2025இல் ஜெயித்தவருக்குத் தோற்றவர் கட்டணம் கட்டும்படி திருத்தம் கொண்டுவர முயன்றார்கள், அது சட்டமாகவில்லை. மறுபடி முயற்சி நடக்கும். ஏதோ ஒரு நடுவழி வேண்டும் என்பது என் எண்ணம், 12,000 டாலர் கிளைமுக்காக இன்று நல்ல வக்கீல் யாரும் வருவதில்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்து உங்களுக்கு லாபமில்லை. நீங்கள் சிட்டிசன்ஸில் இருந்தாலும் தனியாரில் இருந்தாலும் இதே சட்டம்தான்.

இப்போதைய சட்டம் கேட்பது வேகமும் ஆதாரமும். சேதம் நடந்த ஒரு வருடத்துக்குள் கிளைம் தெரிவித்தாக வேண்டும், விட்டுப்போன கூடுதல் சேதத்துக்கு 18 மாதம். கம்பெனி 60 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். ஜூன் 1, புயல் பருவம் தொடங்கும் முன், போனில் வீடியோ போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரையின் நான்கு பக்கம், மேல்தளக் கூரை உட்புறம், ஒவ்வொரு அறையின் சீலிங், ஏசி யூனிட்டின் சீரியல் நம்பர் எல்லாம் தெரியட்டும். 'இந்தக் கறை முன்பே இருந்தது' என்று அவர்கள் சொல்லும்போது வக்கீலைவிட அந்த வீடியோ உதவும். தகராறு வந்தால் மாநில நிதிச் சேவைகள் துறை நடத்தும் மத்தியஸ்தம் இருக்கிறது, வீட்டு கிளைமுக்கு அதன் செலவு கம்பெனியுடையது. உங்கள் சார்பில் சேதத்தை மதிப்பிட்டுக் கம்பெனியோடு பேசும் பப்ளிக் அட்ஜஸ்டரை வைத்தால், அவசரநிலை அறிவித்த புயல் கிளைமில் முதல் வருடம் 10 சதவீதத்துக்கு மேல் அவர் கேட்கக் கூடாது. புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி எதையாவது நீட்டுகிறவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெள்ளம் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வீட்டு பாலிசியில் வெள்ளம் கிடையாது. சிட்டிசன்ஸில் இருப்பவர்களுக்கு வெள்ள பாலிசியைச் சட்டம் படிப்படியாகக் கட்டாயமாக்கிவருகிறது: கட்டட மதிப்பு 4,00,000 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் 2026 ஜனவரி 1 முதல், 2027 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும். அந்த வகையில் நீங்கள் சிட்டிசன்ஸில் இருந்தாலும் 4,200 மட்டும் கட்டித் தப்பியிருக்க முடியாது. தனியாருக்குப் போனால் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் எடுங்கள் என்பேன். 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள பாஸ்கோ, ஹில்ஸ்பரோ கவுண்டி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் வெள்ளத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000, பொருட்களுக்கு 1,00,000 வரைதான். வாங்கி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் பெயர் டிவியில் வந்த பிறகு வாங்கிப் பயனில்லை.

காரையும் வீட்டையும் தனித்தனிச் சட்டமாகப் பார்க்கும் உங்கள் நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பெரும் புயலில் சிட்டிசன்ஸின் கையிருப்பு தீர்ந்தால், முதலில் அதன் பாலிசிதாரர்கள்மேல் 15 சதவீதம் வரை கூடுதல் வசூல், அதுவும் போதாவிட்டால் மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ எல்லா வீட்டு, கார் பாலிசிகள் மேலும் வருடத்துக்கு 10 சதவீதம் வரை வசூல். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கார் மட்டும் வைத்திருக்கும் பையனும் கட்டுவான். 2004, 2005 புயல்களின் கடனை இந்த மாநிலத்து மக்கள் 2015 வரை தங்கள் பாலிசிகளில் கட்டினார்கள். சிட்டிசன்ஸை இன்னும் பெரிதாக்கி எல்லோருக்கும் மலிவாகக் கொடுக்கலாம் என்ற மசோதா வரும்போது, அதை ஆதரிக்கும் முன் இந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிட்டிசன்ஸ் சுருங்குவது கார் ஓட்டுகிறவருக்கும் நல்லதுதான்.

உங்கள் ஏஜென்டுக்கு எழுதும்போது கடிதத்தின் கெடு தேதி, கூரை மாற்றியபோது கவுண்டி கொடுத்த பெர்மிட் நகல், விண்ட் மிடிகேஷன் அறிக்கை, இரண்டு காரின் டிக்ளரேஷன் பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஈமெயிலில் அனுப்புங்கள். மெட்பே, ஸ்டேக்டு யுஎம் இரண்டுக்கும் விலை தனித்தனியாகக் கேளுங்கள். அப்பா அம்மா விமானம் ஏறும் முன் அந்த மாற்றங்கள் பாலிசியில் ஏறியிருக்க வேண்டும். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் மெட்பேயை எடுக்காதீர்கள், அடுத்த வருடம் மாமனார் மாமியார் வருவார்கள்.